தந்தையாரின் சிறுநீரகமும் குருத்துக்கல மாற்றுச் சிகிச்சையும்

வணக்கம். டயாலிசிஸ் செய்துவரும் உங்கள் தந்தையாருக்குப் பிளாஸ்மாக் கலக் கோளாறு (எலும்பு மச்சையிலுள்ள ஒருவகை வெண்குருதிக் கலங்கள் கட்டின்றிப் பெருகும் நோய்) எனக் கண்டறிந்தபின், குருத்துக்கல (புதிய குருதிக் கலங்களை உருவாக்கும் மூலக் கலம்) மாற்றினால் சிறுநீரகம் மீளுமா, அதற்குப் பிள்ளைகள் கலம் கொடுக்க வேண்டுமா எனக் கோப்பாயிலிருந்து கேட்டிருந்தீர்கள். பிள்ளைகள் பொதுவாகக் கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய குருதியிலிருந்தே குருத்துக்கலங்களைப் பிரித்தெடுத்துப் பேணி, நோயுற்ற கலங்களை அழிக்கும் மெல்ஃபலான் மருந்தை உயர் அளவில் ஏற்றியபின் அவருக்கே திருப்பிச் செலுத்துவார்கள்.

மற்றக் கேள்விக்குத்தான் நிதானம் வேண்டும். சிறுநீரகத்தைக் கெடுப்பது நோயுற்ற பிளாஸ்மாக் கலங்கள் சுரக்கும் புரதம். இச்சிகிச்சை அந்த ஊற்றை அடைக்குமேயன்றி, ஏற்கெனவே தழும்பேறிய பகுதியைப் புதுப்பிக்காது. ஆகவே, எவ்வளவு மீளும் என்பது பாதிப்பு எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்தது. டயாலிசிஸ் செய்துவருவது மட்டும் இந்த மாற்றுச் சிகிச்சைக்குத் தடையாகாது. ஆயினும் இத்தகையோருக்கு, உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு 200 மில்லிகிராம் என்ற வழமையான மெல்ஃபலான் அளவை 140 ஆகக் குறைப்பதுண்டு. பயொப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையில் அமிலோய்ட் படிவு (அப்புரதம் உறுப்புகளில் படிந்திருப்பது) என்றிருந்தால், இதயமும் பாதிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்காமல் இதில் இறங்கக் கூடாது. என் பார்வையில் நீங்கள் வைத்தியரிடம் முதலிற் கேட்க வேண்டியது அதுதான். பெரும்பாலும் மாற்றுச் சிகிச்சைக்கு முன், பிளாஸ்மாக் கலங்களைத் தாக்கும் போர்ட்டசோமிப் என்ற மருந்து சேர்ந்த மருந்துகளையே தொடங்குவார்கள். சிறுநீரகத்துக்காகப் போர்ட்டசோமிப்பின் அளவைக் குறைக்க வேண்டியதில்லை.