தைராய்டு மாத்திரையோடு கால்சியம் மாத்திரையைச் சேர்த்துப் போடலாமா?

ஈரோட்டிலிருந்து 54 வயது வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எட்டு வருடமாகத் தைராக்சின் 75 மைக்ரோகிராம் சாப்பிடுகிறேன். மூன்று மாதம் முன்பு எங்கள் குடியிருப்பில் நடந்த இலவச முகாமில் குதிகாலை மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று ஒரு கால்சியம் டப்பா கொடுத்தார்கள். விலை 1,800 ரூபாய். மறக்காமல் இருக்க, காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே போட்டுக்கொள்கிறேன். இப்போது டிஎஸ்எச் 3-லிருந்து 9-க்கு ஏறிவிட்டது. டாக்டர் 100 ஆக்கச் சொல்கிறார். கால்சியம் சாப்பிட்டால் கிட்னியில் கல் வரும் என்றும் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடட்டுமா?”

டிஎஸ்எச் என்பது, தைராய்டு ஹார்மோன் உடம்புக்குப் போதவில்லை என்றால் ஏறுகிற ரத்தப் பரிசோதனை எண். உங்களுக்கு அது ஏறியதற்குப் பெரும்பாலும் காரணம், நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டதுதான். கால்சியம் குடலில் தைராக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சேர விடாது. 75 விழுங்கினாலும் உடம்புக்குப் போய்ச் சேர்வது அதைவிடக் குறைவு. மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரில் தைராக்சின் மட்டும். காபிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழியட்டும். கால்சியம் அதற்குப் பிறகு நான்கு மணி நேரமாவது கழித்துத்தான், அதாவது மதியச் சாப்பாட்டோடு. இப்படி ஆறு முதல் எட்டு வாரம் சாப்பிட்டுவிட்டு டிஎஸ்எச் மறுபடி பாருங்கள். அளவைக் கூட்ட வேண்டுமா என்று அப்போது முடிவு செய்யலாமா என்பதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். கால்சியம் சாப்பிடுவதை அவரிடம் சொல்லியிருக்கவே மாட்டீர்கள். அவரும் கேட்டிருக்க மாட்டார். ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் என்று ஓடுகிற புறநோயாளிப் பிரிவில் “வேறென்ன மாத்திரை போடுகிறீர்கள்” என்ற கேள்விதான் முதலில் விடுபடுகிறது. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

அடுத்து அந்த முகாம். குதிகாலில் பார்க்கும் அல்ட்ராசவுண்டை வைத்து எலும்புத் தேய்மானம் என்று முடிவு கட்டக் கூடாது. அதற்கு, எலும்பின் அடர்த்தியை அளக்க இடுப்பிலும் முதுகெலும்பிலும் எடுக்கும் டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. முகாமில் மெஷினைக் கொண்டுவருகிறவரும் டப்பா விற்கிறவரும் பல நேரம் ஒரே ஆள்தான். மெஷின் சிவப்பு காட்டினால் டப்பா விற்கும், அவ்வளவுதான் கணக்கு. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்தால், அது மருந்தாக அல்ல, உணவுப் பொருளாக விற்கப்படுகிறது என்று அர்த்தம். பவளப்பாறைக் கால்சியம் என்று சங்கிலி வியாபாரத்தில் வருவதும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். அதே சரக்கு மருந்துக் கடையில் சாதாரண மாத்திரையாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இன்னொரு பித்தலாட்டம், எண்ணில். 1,250 மில்லிகிராம் கார்பனேட்டில் கால்சியம் 500 மில்லிகிராம்தான். பெரிய எழுத்தில் பெரிய எண்ணைப் போட்டுவிட்டு, உள்ளே கிடைப்பதைப் பின்னால் ஒளித்துவைக்கிறார்கள். டப்பாவோடு 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலமும் கொடுத்தார்களா? அதைத் தினமும் சாப்பிடாதீர்கள். வாரம் ஒன்று, அதுவும் டாக்டர் சொன்ன வாரங்கள் மட்டும். தினமும் சாப்பிட்டு ரத்தத்தில் கால்சியம் எகிறி, சிறுநீரகம் கெட்டுப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்களுக்கு எவ்வளவு வேண்டும்? மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு, சாப்பாட்டையும் சேர்த்து, நாளைக்கு 1,200 மில்லிகிராம். ஒரு டம்ளர் பால் 200 மில்லி என்றால் அதிலேயே ஏறக்குறைய 240 கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் 350 பக்கம் வரும். தயிர், முருங்கைக்கீரை, எள் எல்லாம் அப்புறம். குறைவதை மட்டும் மாத்திரை ஈடுகட்டினால் போதும். பலருக்கு 500 ஒன்றே தாராளம். ஒரே வேளையில் 500-க்கு மேல் போட்டால் உடம்பு சரியாக உறிஞ்சாது.

கல் பயத்துக்கு வருகிறேன். கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போட்டால், உணவில் உள்ள, கல் உருவாகக் காரணமான ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளிவிடும். வெறும் வயிற்றில் விழுங்குவதுதான் தப்பு. தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். ஏற்கெனவே கல் வந்தவர் என்றால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

நீங்கள் ஒன்றை எழுதவில்லை: தைராய்டு சுரப்பியை ஆபரேஷன் செய்து எடுத்தவரா? அப்படியென்றால் கதையே வேறு. தைராய்டின் பின்புறம் அரிசி மணி அளவில் நான்கு சிறு சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் கால்சியத்தை நிலையாக வைப்பது அவைதான். ஆபரேஷனில் அவை அடிபட்டால் சிலருக்கு ஆயுள் முழுக்கக் கால்சியம் தேவைப்படும், ஒரு நாளில் மூன்று நான்கு வேளைகூட. அவர்களுக்கு இது சத்து மாத்திரை அல்ல, உயிர் மாத்திரை. வாட்ஸ்அப்பில் வந்த எதையோ நம்பித் தானாக நிறுத்திவிட்டு, உதட்டைச் சுற்றி மரத்துப்போய், விரல்கள் முறுக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்த பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. வலிப்புகூட வந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்கக் கூடாது. நான்கு மணி நேர இடைவெளியை எப்படி அமைப்பது என்பதை அவர்களுடைய மருத்துவரே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதித் தராமல் எழுந்து வராதீர்கள்.

ஆபரேஷன் இல்லையென்றால், இன்று மதியத்திலிருந்தே நேரத்தை மாற்றுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த டப்பா, அசிடிட்டி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, வீட்டில் போடுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேஜையில் கொட்டிக் காட்டுங்கள்.