சிறியது நிற்க, பெரியது கடப்பதேன்?

கேள்வி: ஆக்ஸிஜன் மூலக்கூறைவிடச் சோடியம் அயனி சிறியது. ஆனாலும் செல் சவ்வை ஆக்ஸிஜன் எளிதில் கடக்கிறது; சோடியத்தால் முடிவதில்லை. ஏன்?

பதில்: செல் சவ்வைச் சல்லடையாக எண்ணுவதால் எழும் குழப்பம் இது. சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள இச்சவ்வில் பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகள் இரண்டு அடுக்குகளாக அமைந்து, நீரை நாடும் தலைகளை வெளிப்புறமும் நீரை விலக்கும் கொழுப்பு வால்களை உட்புறமும் வைத்திருப்பதால், புரதங்களின் உதவியின்றிக் கடக்க விரும்பும் எதுவும் அந்தக் கொழுப்புப் பகுதியில் கரைந்தே செல்ல வேண்டும். மின்சுமையற்ற ஆக்ஸிஜன் அதில் கரைந்து, செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு விரவுகிறது. சோடியம் அயனியோ தன் நேர்மின்சுமையால் நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றியிருக்கிறது. அவற்றை உதறிவிட்டுக் கொழுப்பில் நுழைவதற்கு மிகுந்த ஆற்றல் தேவை. ஆகவே, அளவைவிட மின்சுமையே இங்கு முதன்மையான தடை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அயனிகளுக்கெனச் சவ்வில் புரத வாயில்கள் உள்ளன. குளுக்கோஸுக்கும் கடத்திப் புரதம் வேண்டும். அப்போதும் பெரும்பாலான செல்களில் செறிவு வேறுபாடே அதை நகர்த்துவதால், அதுவும் விரவலே.

நீரின் கதை தனிச்சிறப்புடையது. அது கொழுப்பு அடுக்கின் வழியே ஓரளவே கசியும். ஆனால் அக்வாபோரின் என்னும் புரதக் குழாய் ஒன்றின் வழியே நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் செல்கின்றன, அதே குழாய் புரோட்டான்களை, அதாவது ஹைட்ரஜன் அயனிகளை, தடுத்துவிடுகிறது. அக்வாபோரினைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரி 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.