எம்பிஏ வேண்டாம், காப்பறைக்கு அனுப்புங்கள்

உங்கள் மகள் வரலாறு முடிக்கப்போகிறாள், அருங்காட்சியக வேலைதான் வேண்டும் என்கிறாள். அவளுடைய மாமாவோ, "வெளிநாட்டில் எம்பிஏ படித்தால் நேரே இயக்குநர் ஆகலாம்" என்கிறார். அதற்காக வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் என் பதில், வைக்காதீர்கள். அவளைக் காப்பறைக்கு, அதாவது அருங்காட்சியகம் தன் பொருள்களைப் பத்திரப்படுத்தும் அறைக்கு, அனுப்புங்கள்.

பெரிய அருங்காட்சியகங்களை நடத்தியவர்கள் எப்படி வந்தார்கள் என்று பாருங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தை 1977 முதல் 2008 வரை நடத்திய பிலிப் டி மான்டெபெல்லோ, அதே இடத்தில் ஐரோப்பிய ஓவியப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தவர். 2021இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்கு முதல் பெண் தலைவரான லாரன்ஸ் டே கார், அதற்கு முன் காப்பாட்சியராக, அதாவது சேகரிப்பை ஆராய்ந்து கவனிக்கும் க்யூரேட்டராக, இருந்தவர். நீல் மெக்ரெகர் சட்டம் படித்து, கலை வரலாற்றுக்கு மாறி, ஒரு கலை இதழின் ஆசிரியராக இருந்து, பிறகுதான் லண்டனின் நேஷனல் கேலரி என்ற ஓவிய அருங்காட்சியகத்துக்கு இயக்குநராக வந்தார். வரவு செலவு, நன்கொடை திரட்டுவது, அறங்காவலர் குழுவைச் சமாளிப்பது எல்லாம் இயக்குநருக்குத் தேவைதான். அவற்றைப் பணியில் இருந்துகொண்டே கற்கலாம். பொருள்களைத் தெரியாதவரை நம்பி அருங்காட்சியகத்தை ஒப்படைப்பது அபூர்வம்.

காப்பாட்சியர், ஆய்வாளர், ஆசிரியர் வழிகள் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது ரிஜிஸ்ட்ரார் அல்லது சேகரிப்பு மேலாளர் என்ற வேலையை. பார்வையாளர் கண்ணில் இவர் படவே மாட்டார். ஒரு பொருள் உள்ளே வந்ததும் அதற்கு எண் கொடுப்பவர் இவர்தான். 2024.15.3 என்றிருந்தால், பெரும்பாலும் 2024இல் வந்த பதினைந்தாவது தொகுதியின் மூன்றாவது பொருள் என்று அர்த்தம். யார் கொடுத்தார்கள், உரிமைப் பத்திரம் சரியா, எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது, எல்லாம் இவர் பதிவில் இருக்கும். வேறு நாட்டுக் கண்காட்சிக்கு ஓர் ஓவியம் இரவல் போகிறதென்றால் ஒப்பந்தம், காப்பீடு, சுங்கம், பெட்டி எல்லாம் இவர் பொறுப்பு. கிளம்பும் முன்னும் போய்ச் சேர்ந்த பின்னும் கீறல், விரிசல் ஒன்று விடாமல் படத்துடன் குறிக்க வேண்டும். சில சமயம் ரிஜிஸ்ட்ராரே பெட்டியோடு பயணம் போவதும் உண்டு. காகிதத்திலும் துணியிலும் விழும் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில், அதாவது மங்கலாகவே, நிற்க வேண்டும் என்று இந்தத் துறையில் கறாராக இருப்பார்கள். வெளிறிய சாயம் திரும்பாது, அதனால்தான்.

இது வெறும் குமாஸ்தா வேலை என்று மாமா சொல்லக்கூடும். 2023இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் 2,000 பொருள்கள் காணாமலோ சேதமாகியோ போனது வெளியே வந்தது. அவற்றில் பல, முறையாகப் பட்டியலிடப்படாதவை. 2021இலேயே வந்த எச்சரிக்கையைச் சரியாகக் கையாளவில்லை என்று ஒப்புக்கொண்டு இயக்குநர் ஹார்ட்விக் ஃபிஷர் பதவி விலகினார். பதிவேடு ஓட்டையாக இருந்தால் இயக்குநரின் நாற்காலியும் நிற்காது. தலைமைக்கு வர விரும்பும் பிள்ளை இந்த வேலையிலிருந்து தொடங்குவதில் என்ன குறைவு?

அப்புறம், மகள் தாத்தாவின் கடிதங்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பட்டியல் போட்டுக்கொண்டு நேரத்தை வீணடிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வீண் இல்லை ஐயா. இந்த வேலைக்கு வேண்டிய பொறுமை அதுதான். சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அவளிடம் அது இருக்கும்போது வேறு பக்கம் தள்ளுவது அநியாயம்.

பண விஷயத்திலும் கறாராகவே சொல்கிறேன். இந்தத் துறையில் தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. அதனால்தான் பெரிய கடன் கூடாது என்கிறேன். அருங்காட்சியகவியல் முதுகலை நல்லதுதான், ஆனால் உண்மையான காப்பறையில் கைப்பயிற்சி உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இல்லையென்றால் அந்தக் கட்டணம் தண்டம். சம்பளமில்லாப் பயிற்சி என்று யாராவது மாதக்கணக்கில் இழுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த விடுமுறையில் ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்கு அவளே கடிதம் எழுதட்டும். இருப்புச் சரிபார்ப்பில் உதவ வருகிறேன், சில வாரம் போதும் என்று கேட்கட்டும். சின்ன இடத்தில் ஒரே ஆள்தான் பதிவேடும் பார்ப்பார், ஒழுகும் கூரைக்கும் ஆள் தேடுவார், குழுக் கூட்டத்தில் கணக்கும் சொல்வார். அதைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகும் அவளுக்கு ஆசை குறையவில்லை என்றால், படிப்பைப் பற்றி நாம் மூவரும் உட்கார்ந்து பேசலாம். மாமா அப்போது வந்தால் போதும்.