அப்பாவுக்குக் கிடைத்த பென்ஷன் எனக்கு ஏன் இல்லை? சில கேள்விகள்

2002இல் சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன், 2004இல் சேர்ந்த எனக்கு சி.பி.எஸ். எனும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். இருவருக்கும் ஒரே வேலை, பக்கத்துப் பக்கத்து வகுப்பறை. இது என்ன நியாயம்?
*அரசுப் பள்ளி ஆசிரியை, விருதுநகர்*

நியாயமே இல்லை. 1.4.2003 என்று ஒரு கோடு போட்டார்கள். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களின் பென்ஷனில் கை வைத்தால் என்ன நடக்கும் என்று எந்த அரசுக்கும் தெரியும், இனிமேல் வேலைக்கு வரப்போகிறவர்களுக்கோ சங்கமும் இல்லை, ஓட்டும் இல்லை, அதனால் சுமை அவர்கள் தலையில் போனது. அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டும் சேர்த்து 10% உங்களிடம் பிடித்தார்கள், அரசும் அதே அளவு போட்டது. மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.ஸில் தமிழ்நாடு சேரவும் இல்லை. கடைசியில் ஓய்வு பெற்றவர்கள் மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு மாதப் பென்ஷன் இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். 2026 ஜனவரியில் அறிவித்த புதிய திட்டம் கடைசிச் சம்பளத்தில் 50% தருவதாகச் சொல்கிறது, ஆனால் உங்கள் 10% பிடித்தம் தொடரும். பழைய பென்ஷன்காரர் பென்ஷனுக்காகப் பிடித்தமே கட்டியதில்லை. அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கிறது.

என் வரிப்பணத்தில் இவர்களுக்குப் பென்ஷன், எனக்கு ஒன்றுமில்லை. பழைய பென்ஷனை மொத்தமாக ஒழிப்பதுதானே சரி?
*ஐ.டி. ஊழியர், கோவை*

உங்கள் வரி மட்டும் இல்லை. பெட்ரோல், டாஸ்மாக், ஜி.எஸ்.டி. எல்லாவற்றிலும் சித்தாள் வேலைக்குப் போகிறவரும் கட்டுகிறார். பழைய பென்ஷனுக்கென்று தனி நிதி கிடையாது, அந்தந்த வருட வருவாயிலிருந்து போகிறது. ராஜஸ்தான் 2022இல் பழைய பென்ஷனுக்குத் திரும்புவதாக அறிவித்ததே, அதில் ஒரு வேடிக்கை பாருங்கள்: என்.பி.எஸ்.ஸுக்கு அரசு தன் பங்குத்தொகையைக் கட்ட வேண்டாம், அதனால் முதல் சில வருடங்களுக்குப் பணம் மிச்சம்தான். 2004இல் 25 வயதில் சேர்ந்தவர் 60 வயதில் ஓய்வு பெறுவது 2039இல். பில் அப்போதுதான் வரும், அறிவித்தவர்கள் பதவியில் இருக்கப்போவதில்லை, கட்டப்போவது இப்போது பள்ளியில் படிக்கிற பிள்ளைகள். என் ஆட்சேபணை இந்தக் கணக்கின் மேல்தான், ஓய்வு பெற்றவர்கள் மேல் இல்லை.

எனக்கு 74 வயது. "உங்க பென்ஷனை நாங்கதான் சுமக்கிறோம்" என்கிறான் பேரன். குற்றவுணர்வாக இருக்கிறது.
*ஓய்வு பெற்ற அரசு ஊழியர், தஞ்சாவூர்*

வேண்டாம் ஐயா. பென்ஷன் என்பது அரசு இரங்கிக் கொடுக்கும் தானம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே நகரா வழக்கில் சொல்லிவிட்டது. பேரனிடம் வேறொரு கணக்கைக் காட்டுங்கள். உங்களுக்கு 80 வயது ஆனதும் அடிப்படைப் பென்ஷனில் 20% கூடும், அகவிலைப்படியும் ஏறிக்கொண்டே இருக்கும். உங்கள் வயதுள்ள, முதியோர் உதவித்தொகை வாங்கும் ஒரு கூலித் தொழிலாளிக்கு மாதம் 1,200 ரூபாய், 2023இல்தான் 1,000இலிருந்து ஏறியது. 79 வயதுவரை அதில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவில் இருப்பதைவிடப் பெரிய பள்ளம் இந்த இரண்டு தாத்தாக்களுக்கு நடுவில் இருக்கிறது.

அப்பா தனியார் மில்லில் வேலை பார்த்தார். பி.எஃப். பென்ஷன் 1,900 ரூபாய்தான் வருகிறது. கணக்கில் தப்பா?
*ஓசூர் வாசகி*

பெரும்பாலும் தப்பு இருக்காது, திட்டமே அப்படித்தான். பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தைப் பணி வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். அந்தச் சம்பளத்துக்கு 2014 செப்டம்பர் வரை உச்சவரம்பு 6,500 ரூபாய், பிறகு 15,000. முழு 15,000க்கு 30 வருடம் வேலை பார்த்து, போனஸாக 2 வருடம் சேர்த்தாலும் 6,857 ரூபாய்தான். அகவிலைப்படி கிடையாது, அதனால் முதல் மாதம் வந்த தொகைதான் பத்து வருடம் கழித்தும் வரும். குறைந்தபட்சம் 1,000 என்று நிர்ணயித்ததும் 2014இல்தான். பணி வருடங்கள் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பி.எஃப். அலுவலகத்தில் பாருங்கள், பழைய கம்பெனியின் கணக்கு சேராமல் விட்டுப்போவது உண்டு.

வயது 27, டெலிவரி வேலை. மத்திய அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் பணம் போடலாமா?
*சென்னை வாசகர்*

போடுங்கள், வருமான வரி கட்டுபவர் இல்லையென்றால். ஆனால் அதை மட்டுமே நம்பாதீர்கள். அதிகபட்சம் மாதம் 5,000, அதுவும் 60 வயதில். விலைவாசி வருடம் 5% ஏறினால் 33 வருடம் கழித்து வரும் அந்த 5,000க்கு இன்றைய மதிப்பு 1,000 ரூபாய்தான்.