மெஸ்ஸுக்குப் பணம் கட்டியாச்சு, டயட்டுக்குத் தவணை எடுக்கலாமா?

கேள்வி: மதுரையில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறேன். சொந்த ஊர் பேரையூர் பக்கம். வீட்டிலிருந்து மாதம் 5,000 ரூபாய் வரும். மெஸ் கட்டணத்தை செமஸ்டருக்கு மொத்தமாகக் கட்டியாகிவிட்டது. மைதா, வெள்ளைச் சர்க்கரை, எண்ணெய்ப் பலகாரம், பாக்கெட் அயிட்டம் எதையும் தொடாமல் கறாராக 'கிளீன் ஈட்டிங்' டயட் இருக்க ஆசை. கினோவா, அவகாடோ, சியா விதை, புரோட்டீன் பவுடர் எல்லாம் சேர்த்து ஒரு நிறுவனம் தினமும் டப்பாவில் கொண்டுவந்து தருகிறது. ஆனி முதல் ஆவணி வரை 3 மாதத்துக்கு 18,000 ரூபாய். ஆப்பிலேயே வட்டியில்லாத் தவணை உண்டு, மாதம் 6,000. செயலாக்கக் கட்டணம் 720 மட்டும். சனி, ஞாயிறு கல்யாண கேட்டரிங்கில் பந்தி பரிமாறப் போகிறேன். அதை வைத்துக் கட்டிவிடலாமா?

பதில்: தம்பி, டயட் இருங்கள், தவணை வேண்டாம்.

முதலில் அந்த 'வட்டியில்லா' கணக்கைப் பார்ப்போம். முதல் மாதம் 18,000, அடுத்த மாதம் 12,000, மூன்றாம் மாதம் 6,000 உங்கள் தலையில் கடனாக நிற்கும், ஆக சராசரி 12,000 ரூபாய். அதற்கு 3 மாதத்தில் 720 ரூபாய் வாங்குகிறார்கள் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம், நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் ரெண்டு வட்டி. செயலாக்கக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. பேரையூரில் யாராவது ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கிச் சாப்பாட்டு டப்பா வாங்கினால் உங்கள் அப்பா என்ன சொல்வார்?

அப்புறம் அந்த கேட்டரிங் வருமானம். நல்ல உழைப்பு, எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் ஆடி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், உங்களைப் பந்திக்குக் கூப்பிட ஆள் இருக்காது, தவணைத் தேதி மட்டும் வந்துவிடும். வீட்டுப் பணம் முழுசையும் போட்டாலும் 6,000 எட்டாது. ஒரு தவணை தவறினால் தாமதக் கட்டணம் ஏறும், கடன் அறிக்கையிலும் பதிவாகலாம். சிபில் மதிப்பெண் என்பது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும், 300-லிருந்து 900 வரை உள்ள ஒரு எண்தான், ஆனால் நாளைக்கு மேற்படிப்புக்கு வங்கியில் கல்விக்கடன் கேட்டால் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள். இருபது வயதில் அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

சரி, கட்டி முடித்துவிடுவீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரே வயிற்றுக்கு இரண்டு இடத்தில் பணம் கட்டுகிறீர்கள். எனக்கு வருத்தமாக இருப்பது இதுதான். உங்கள் மெஸ் டிவைடிங் சிஸ்டமாக, அதாவது மாதச் செலவைச் சாப்பிட்டவர்களுக்குள் பிரித்துப் போடும் முறையாக இருந்திருந்தால் லீவு எழுதிக்கொடுத்துக் கொஞ்சம் குறைக்கப் பார்த்திருக்கலாம். மொத்தமாகக் கட்டிய பணம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் போனதுதான். அதனால் மெஸ்ஸில் உள்ள சோறு, சாம்பார், கீரை, பொரியல், மோரை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பளம், பூரி, டீயில் சர்க்கரை இதையெல்லாம் ஒதுக்க ஒரு பைசா செலவில்லை. குறைவது பெரும்பாலும் புரதமும் பழமும்தான், அதை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள்.

60 கிலோ எடையுள்ள ஆளுக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவுப்படி (கிலோவுக்கு 0.83 கிராம்) நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும். இரண்டு அவித்த முட்டையில் 12 கிராம் வரும். 50 கிராம் வேர்க்கடலையில் கிட்டத்தட்ட 12, அதே அளவு பாசிப்பயறில் இன்னொரு 11, 12. மிச்சம் மெஸ் சாப்பாட்டிலேயே வந்துவிடும். முட்டை 7 ரூபாய், கடலை கிலோ 150, பயறு கிலோ 130 என்று போட்டால் மாதம் 420, 225, 195. பழத்துக்கு நாளைக்கு 15 ரூபாய் என்று 450. மொத்தம் 1,290 ரூபாய். உங்கள் 5,000-க்குள் அடங்கும், பந்திக் காசு அப்படியே மிச்சம்.

பயறை ராத்திரி டிபன் பாக்ஸில் ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டி வைத்தால் மதுரை வெயிலுக்கு மறுநாளே முளைத்துவிடும். பச்சையாகத் தின்னாதீர்கள். மெஸ் மாஸ்டரிடம் நல்லபடியாகச் சொன்னால் இட்லி வேகும்போது அதே ஆவியில் வைத்து எடுத்துத் தருவார். பழத்துக்கும் கீரைக்கும் அண்ணா நகர் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போங்கள், 1999 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாகத் திறந்தது அதுதான், விளைவித்தவரே விற்பார். கடலை, பயறை மொத்தமாக வாங்க கீழமாசி வீதி. அறை நண்பர்களையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் கட்டுப்படியாகும்.

கினோவா தென் அமெரிக்க மலைப் பயிர். உங்கள் பேரையூர், டி.கல்லுப்பட்டி மானாவாரிக் காட்டில் குதிரைவாலி விளைகிறது. ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் கேட்டு வறுத்து அரைத்த மாவாக ஒரு டப்பா கொண்டு வாருங்கள், மோரில் கலந்து குடிக்கலாம்.

இன்னொன்று, 'கறாராக' என்று எழுதியிருப்பது எனக்கு உறுத்துகிறது. நண்பன் வீட்டு விசேஷத்தில் ஒரு வாய் பாயசம் சாப்பிட்டுவிட்டு ராத்திரி பூராவும் குற்ற உணர்ச்சியில் தூக்கம் வராமல் கிடக்கும் அளவுக்குப் போகவேண்டாம். தலைசுற்றல், அசதி வந்தால் பவுடர் வாங்குமுன் டாக்டரைப் பாருங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது, காசும் ஆகாது.

ஒருவேளை ஆப்பில் ஏற்கெனவே பதிந்திருந்தால் இன்றைக்கே யுபிஐ செயலியைத் திறந்து, ஆட்டோபே (கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கக் கொடுக்கும் அனுமதி) பகுதியில் அந்த நிறுவனத்தின் பெயரில் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே ரத்து செய்யலாம். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். தவணைக் கடனே எடுத்துவிட்டீர்கள் என்றால் ஆட்டோபேயை ரத்து செய்தால் மட்டும் கடன் போகாது. டப்பாவை நிறுத்தச் சொல்லி, கடன் கணக்கை முடித்ததாக எழுத்தில் வாங்கிய பிறகுதான் ரத்து செய்ய வேண்டும்.