தண்ணீரைப் பிரிக்க இரும்பு போதாதா?

கேள்வி: பள்ளியில் பேட்டரியும் பென்சில் கரியும் வைத்தே தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். சூரிய ஒளி, காற்று மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் பசுமை ஹைட்ரஜனைத் தயாரிக்க மட்டும் இரிடியம், பிளாட்டினம் என்று விலை உயர்ந்த உலோகங்கள் எதற்கு? இரும்பு போதாதா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: இரும்பு தனியாகப் போதாது. நிக்கலோடு சேர்ந்தால் அருமையாக வேலை செய்யும்.

கணக்குப்படி தண்ணீரைப் பிரிக்க 1.23 வோல்ட் போதும். ஆலையில் பெரும்பாலும் 1.8 வோல்ட்டாவது கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கூடுதலைக் குறைப்பதுதான் வினையை எளிதாக்கும் வினையூக்கியின் வேலை; நீங்கள் சொன்ன உலோகங்கள் அதற்குத்தான். 0.1 வோல்ட் குறைந்தாலே ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 2.7 யூனிட் மின்சாரம் மிச்சம்.

ஆக்சிஜன் வரும் பக்கத்தைக் கவனியுங்கள் என்று என் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்களைப் பிடுங்க வேண்டும். அங்கேதான் வினை இழுக்கிறது. புரோட்டான்களைக் கடத்தும் சவ்வு வைத்த பி.ஈ.எம். (PEM) என்ற வகைக் கருவிக்குள் கடும் அமிலச் சூழல். இரும்பும் நிக்கலும் கரைந்துபோகும், இரிடியம் ஆக்சைடு தாக்குப்பிடிக்கும். ஆனால் உலகம் முழுக்க ஆண்டுக்கு எடுக்கும் இரிடியமே பத்து டன்னுக்குள்தான். அதில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில், பிளாட்டினச் சுரங்கங்களின் துணைப்பொருளாகக் கிடைப்பது. அதை நம்பி எத்தனை ஆலைகள் கட்ட முடியும்?

அதனால் என் ஓட்டு காரக் கரைசல் முறைக்குத்தான். பக்ரா அணை மின்சாரத்தை வைத்து 1960களிலேயே பஞ்சாபின் நங்கல் உரத் தொழிற்சாலையில் இந்த முறையில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் கரைசலில் நிக்கல் அரிக்காது. நல்ல வினையூக்கி என்ற பெயரும் அதற்கு உண்டு. அந்தப் பெயரில் பெரும்பங்கு இரும்புக்குச் சேர வேண்டியது! கரைசலில் துளியளவு கலந்திருக்கும் இரும்பே நிக்கலை வேகப்படுத்துகிறது என்று 1987-இல் கோரிகன் என்ற ஆய்வாளர் காட்டினார். 2014-இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகக் குழு கரைசலிலிருந்து இரும்பை நீக்கிப் பார்த்தது. நிக்கலின் திறன் சட்டென்று இறங்கிவிட்டது.

மீதியிருக்கும் சிக்கல் ஆயுள்தான். சூரிய மின்சாரம் மாலையில் நின்று காலையில் வரும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் மின்முனையில் எதிர்த்திசையில் மின்னோட்டம் பாய்ந்து அதைக் கெடுக்கும். இரும்பும் மெல்லக் கரைந்து வெளியேறும். வேதியியல் படிக்கிறீர்கள் என்றால் இந்தக் கேள்வியைக் கையில் எடுங்கள்.

அப்புறம், வீட்டில் செய்து பார்ப்பதானால் பென்சில் கரியும் சமையல் சோடாவும் போதும். உப்பு மட்டும் போடாதீர்கள், குளோரின் வரும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.