பேர் தெரியாத கல்லூரிக்கா இத்தனை பாடு?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அமெரிக்காவின் சின்னக் கல்லூரிகளைப் பற்றியவை. 31 வருடம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். அந்தக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகள் விண்ணப்பித்தபோது கூடவே உட்கார்ந்து முழித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

என் மகள் பிளஸ் டூ. வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர் என்று என்னென்னவோ பேர் சொல்கிறாள். சொந்தத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. "ஆர்ட்ஸ் காலேஜுக்கா அமெரிக்கா போறது?" என்கிறார் நாத்தனார். நம்பலாமா? – ஒரு தாய், கரூர்

நம்பலாம். இவற்றை லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் என்பார்கள். அது நம் ஊர் ஆர்ட்ஸ் காலேஜ் இல்லை என்று நாத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். இயற்பியல், கணிதம், உயிரியல் எல்லாம் அதற்குள்தான் வரும். ஸ்வார்த்மோரில் பொறியியல் பட்டமே உண்டு.

பேர் தெரியாததற்குக் காரணம், அவை ரொம்பச் சின்னவை. வில்லியம்ஸ் 1793இல் தொடங்கியது. இன்றும் மொத்தமே சுமார் 2,000 மாணவர்கள்தான். அங்கே டுடோரியல் என்று ஒரு வகை வகுப்பு: ஒரு பேராசிரியர், இரண்டே மாணவர்கள். இந்த வாரம் ஒருத்தி கட்டுரை எழுதி வருவாள், மற்றவள் அதைக் குடைந்து கேள்வி கேட்பாள். அடுத்த வாரம் மாற்றி. கடைசி பெஞ்சில் ஒளிய இடமே இல்லை. ஒரு வகுப்பில் 60 பேரை வைத்துக்கொண்டு தொண்டை கட்டிய எனக்கு, இதை முதலில் கேட்டபோது பொறாமையாகத்தான் இருந்தது.

இடம் கிடைப்பது லேசு இல்லை. நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேரைக்கூட எடுப்பதில்லை. அதையும் சேர்த்தே நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

உதவித்தொகை கேட்டால் இடம் தரமாட்டார்களாமே? முதலில் கேட்காமல் சேர்ந்துவிட்டு, அப்புறம் கேட்கலாமா? – ஒரு தந்தை, ராஜபாளையம்

அந்தத் தந்திரம் மட்டும் வேண்டாம். பல கல்லூரிகளில், விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு எத்தனை வருடம் ஆனாலும் தரமாட்டார்கள். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகும் இடங்கள் இவை. இரண்டாம் வருடம் பணத்துக்கு எங்கே போவீர்கள்?

நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. பெரும்பாலான கல்லூரிகள், வெளிநாட்டுப் பிள்ளை எவ்வளவு உதவி கேட்கிறது என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. பார்க்காமல் எடுப்பவை சில. சின்னக் கல்லூரிகளில் ஆம்ஹர்ஸ்ட் அப்படி. 2022இலிருந்து மெய்ன் மாநிலத்து போடினும் அப்படித்தான். (எழுத்தைப் பார்த்து 'பௌடாயின்' என்று நான் ரொம்ப நாள் படித்துக்கொண்டிருந்தேன். போடின் என்று சொன்னால் போதுமாம், நம் போடிநாயக்கனூர் மாதிரி.) இந்த இரண்டும், சேர்த்துக்கொண்ட பிள்ளைக்குக் குடும்பத்தால் முடியாத தொகை முழுவதையும் தந்துவிடும்.

எவ்வளவு முடியும் என்பதை அவர்கள்தான் கணக்குப் போடுவார்கள். அதற்கு 'சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்' என்ற படிவம் உண்டு. சம்பளம், கடை வருமானம், வீடு, வங்கி இருப்பு எல்லாம் கேட்பார்கள். நம் ஆட்கள் கல்யாண வீட்டில் கூட்டிச் சொல்வார்கள், வருமான வரி ஆபீசில் குறைத்துச் சொல்வார்கள். இங்கே ஒரே கணக்குதான் எழுத வேண்டும்.

எனக்கு ரோபோட்டிக்ஸ் தெரியாது, ஒலிம்பியாட் எழுதியதில்லை. பள்ளி விட்டால் அப்பாவின் மாவு மில்தான். படிவத்தில் பத்துச் செயல்பாடுகள் கேட்கிறார்கள். என்ன எழுதுவது? – ஒரு மாணவன், பழனி

தம்பி, மாவு மில்லை எழுது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பொறுப்பு என்றே ஒரு பிரிவு இருக்கிறது. பத்து வரை எழுதலாம் என்றுதான் அர்த்தம், பத்தையும் நிரப்பியாக வேண்டும் என்று இல்லை.

ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துதான் இடம், இடைவெளியையும் சேர்த்து. 'அப்பாவின் தொழிலில் உதவினேன்' என்று எழுதி அதை வீணாக்காதே. தினம் எத்தனை மணி நேரம், எத்தனை கிலோ அரிசி, மிளகாய் அரைத்த கல்லைக் கழுவுவது யார், கடன் நோட்டில் யார் பாக்கி என்று பார்ப்பது யார், அதை எழுது. கட்டுரைக்கு 650 சொல் தருகிறார்கள். மில்லில் நீயே கண்டுபிடித்த ஏதாவது ஒரு விஷயம் இருக்கும், அதை அங்கே வை. காசு கொடுத்து வேறொருவரை எழுதச் சொல்லாதே. மிளகாய் நெடியில் நின்று தும்மியவன் நீதானே?

மாணவி ஒருத்திக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதச் சொல்கிறார்கள். மாதிரி ஒன்று கிடைக்குமா? – ஓர் ஆசிரியர், தேனி

மாதிரி தரமாட்டேன் சார். நான் கெட்டதே மாதிரியால்தான். முதல் தடவை ஒரு பையனுக்கு எழுதியபோது, நன்னடத்தைச் சான்றிதழை அப்படியே ஆங்கிலத்தில் நீட்டினேன்: ஒழுக்கமானவன், பணிவானவன், கடின உழைப்பாளி, வாழ்வில் வெற்றி பெற வாழ்த்துகள். அவனுக்கு எங்கும் இடம் கிடைக்கவில்லை. என் கடிதம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் அவன் பேரை எடுத்துவிட்டு வேறு யார் பேரைப் போட்டாலும் பொருந்தும்.

சில வருடம் கழித்து ஒரு பெண். பெர்மாங்கனேட் டைட்ரேஷன் செய்முறை, அதாவது ஊதாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது. வகுப்பே பக்கத்து மேசையைப் பார்த்து ஒரே அளவை எழுதியது. இவள் மட்டும் அரை மில்லி கூடுதலாக எழுதி, அதை அடித்துத் திருத்தவும் மாட்டேன் என்றாள். மூன்று தடவை செய்தாள், மூன்றும் ஒவ்வொரு விதமாக வந்தது. கடைசியில், கரைசலை விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டின் அடியில் ஒரு டிஷ்யூவைப் பிடித்துக் காட்டினாள். அதில் ஊதாப் பொட்டு. குழாய் கசிந்திருக்கிறது. அதை மட்டும்தான் கடிதத்தில் எழுதினேன், முக்கால் பக்கம். 'பணிவானவள்' என்ற சொல்லே அதில் இல்லை. உண்மையில் அவள் பணிவானவளும் இல்லை.

உங்கள் மாணவி உங்களிடம் வாதாடிய நாள் ஏதாவது நினைவிருக்கிறதா? அதிலிருந்து ஆரம்பியுங்கள். அப்புறம், கடிதத்தை நீங்களே நேரடியாக இணையத்தில் ஏற்ற வேண்டும். அவளிடமே எழுதி வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

'எர்லி டெசிஷன்' முறையில் இரண்டு கல்லூரிகளுக்குப் போடலாமா? – வாசகி, நாகர்கோவில்

கூடாது. ஒரே ஒரு கல்லூரிதான். கிடைத்தால் சேருவேன் என்று மாணவி, பெற்றோர், பள்ளி மூவரும் கையெழுத்துப் போடுகிறீர்கள். நவம்பர் முதல் பாதியில் கெடு, டிசம்பர் நடுவில் முடிவு. தரும் உதவித்தொகை உண்மையிலேயே போதாவிட்டால் மட்டும் விலகிக்கொள்ளலாம். அரையாண்டுத் தேர்வும் அதே சமயம்தான் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.